வாழைப்பழ ரொட்டியும் புரதக் கணக்கும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்

முன்னுரை

உடல் வளர்வதற்கும், உழைப்பால் ஏற்படும் தேய்மானத்தை ஈடு செய்வதற்கும் இன்றியமையாத சத்து புரதம் என்பதை நாம் பள்ளிப் பாடத்திலேயே படித்திருக்கிறோம். தசை, தோல், முடி, குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின், உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள் ஆகிய யாவும் புரதங்களே. 1838-ஆம் ஆண்டு டச்சு நாட்டு வேதியியல் அறிஞர் முல்டர் தம் ஆய்வுக் கட்டுரையில் இச்சத்துக்கு 'புரோட்டீன்' எனும் பெயரை வழங்கினார். அப்பெயரை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு அறிஞர் பெர்சீலியஸ். 'முதன்மையானது' எனும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லினின்று அது பிறந்தது.

இன்று அந்தச் சொல் ஆய்வுக்கூடத்தை விட்டுக் கடைவீதிக்கு வந்துவிட்டது. பிஸ்கோத்து உறையிலும், பால் பாக்கெட்டிலும், உடற்பயிற்சிக் கூடங்களில் விற்கும் மாவு டப்பாவிலும் 'உயர் புரதம்' எனும் எழுத்துகள் மின்னுகின்றன. அந்த டப்பா ஒன்றின் விலை, கூலி வேலை செய்பவரின் பல நாள் சம்பளம். நம் விடுதி நண்பர்கள் சிலர் அதற்காகவே பணம் சேர்ப்பதையும் காண்கிறோம். இந்நிலையில் 'உயர் புரதம்' என்றால் எவ்வளவு, யார் அளந்தது, நமக்கு அது எவ்வளவு வேண்டும் என்னும் வினாக்களைக் கேட்பது அறிவியல் மாணவர்களாகிய நம் கடமையாகும்.

வெறும் வினாவாக விடாமல் ஒரு பண்டத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வீட்டிலேயே சுடக்கூடிய வாழைப்பழ ரொட்டி அப்பண்டம். அதன் வேதியியலை முதலிலும், அதில் புரதத்தைக் கூட்டும் வழியை அடுத்தும், அந்தப் பெயருக்கு அது தகுதியுடையதா என்பதை இறுதியிலும் காண்போம்.

ரொட்டியின் பிறப்பு

வாழை நம் மண்ணின் பயிர். ஆனால் வாழைப்பழ ரொட்டி நம் நாட்டுப் பண்டம் அன்று. அஃது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறந்தது. வெப்ப நாடுகளிலிருந்து கப்பலில் வந்திறங்கிய வாழைப்பழம் அங்கு எல்லோருக்கும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் எதையும் வீணாக்கக் கூடாது எனும் எண்ணம் இல்லத்தரசியரிடையே வலுப்பெற்றது. தோல் கறுத்துக் குழைந்துபோன பழத்தைத் தூர எறியாமல் மாவில் பிசைந்து சுட்டனர். 1930-களில் அந்நாட்டுச் சமையல் நூல்களில் இது பரவலாக இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகெங்கும் வீடுகளில் மீண்டும் பெருமளவில் சுடப்பட்டதும் இந்த ரொட்டியே.

பெயரில் ரொட்டி என்றிருந்தாலும் இது பேக்கரி ரொட்டியைப் போல ஈஸ்ட் இட்டுப் புளிக்க வைத்துச் சுடுவது அன்று. ஈஸ்ட் மணிக்கணக்கில் வெளியிடும் வாயுவைச் சோடா உப்பு சில நிமிடங்களில் வெளியிட்டுவிடுகிறது. ஆகவே இதனை 'விரைவு ரொட்டி' என்னும் வகையில் சேர்ப்பர். இந்த வேறுபாடு நம் ஆய்வுக்கு மிகவும் முக்கியமானது. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

பழத்தினுள் நிகழும் மாற்றம்

காயாக இருக்கும் வாழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து உண்டு. பழுக்கத் தொடங்கியதும் காயினின்று எத்திலீன் வாயு வெளிப்படுகிறது. அதன் தூண்டுதலால் நொதிகள் மாவுச்சத்தைச் சிதைத்துச் சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய சர்க்கரைகளாக மாற்றுகின்றன. நன்கு கனிந்த பழத்தில் மாவுச்சத்து 1 அல்லது 2 விழுக்காடே எஞ்சும். அதே நேரத்தில் செல் சுவர்களைப் பிணைத்து நிற்கும் பெக்டின் கரைவதால் பழம் குழைகிறது. ஆகவே, தோல் கறுத்த பழமே இந்த ரொட்டிக்கு ஏற்றது. பழமே இனிப்பைத் தருவதால் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம்.

நம் ஊர்ப் பழங்களுள் பூவன் இதற்கு மிகவும் பொருந்துவது. அதன் இலேசான புளிப்பு, சோடா உப்புடன் வினைபுரியும் அமிலத்தைத் தருகிறது. மோரிஸ் பழத்திலும் செய்யலாம். மணம் கூடுதலாக இருக்கும். நேந்திரன் கெட்டியானது, ஆகையால் அதனை நன்கு மசிக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. 100 கிராம் வாழைப்பழத்தில் புரதம் 1 கிராமுக்குச் சற்றே கூடுதலாக உள்ளது, அவ்வளவுதான். மணமும் இனிப்பும் ஈரமும் பழத்தின் கொடை. புரதத்தை வேறிடத்திலிருந்துதான் கொண்டு வர வேண்டும்.

சோடா உப்பின் வேலை

ஆப்பத்திற்கும் பஜ்ஜிக்கும் இடும் சோடா உப்பின் வேதிப்பெயர் சோடியம் பைகார்பனேட். அமிலத்துடன் சேரும்போது அது கரியமில வாயுவையும் நீரையும் தந்து சோடிய உப்பாக மாறுகிறது. அமிலம் போதாவிடில் சூட்டினால் சிதைந்து, கரியமில வாயுவோடு சோடியம் கார்பனேட்டையும் தருகிறது. இந்தச் சோடியம் கார்பனேட் வலிய காரத்தன்மை உடையது. மாவிலுள்ள கொழுப்புடன் அது சேர்ந்தால் சவர்க்காரச் சுவை தோன்றும். மேலும் காரத்தில் தயமின் எனும் பி-1 வைட்டமின் அழிந்துவிடும். 'இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் இன்னும் உப்பும்' என்று எண்ணிச் சோடாவை அள்ளிப் போடலாகாது என்பதற்கு இவையே காரணங்கள். பழத்தின் அமிலம் போதாது என்பதால் சிறிது தயிர் சேர்ப்பது நல்லது. தயிரின் லாக்டிக் அமிலம் சோடாவை முழுமையாக வினைபுரியச் செய்யும்.

வழக்கமான ரொட்டியின் கணக்கு

பொதுவாகச் சமையல் நூல்களில் காணும் அளவு இது: மைதா 200 கிராம், பழம் 300 கிராம், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 150 கிராம், முட்டை 2. இதன் புரதத்தைக் கூட்டுவோம்.

மைதா 200 கிராம் – 21 கிராம் புரதம்
முட்டை 2 (ஓடு நீக்கி 100 கிராம்) – 13 கிராம்
பழம் 300 கிராம் – 3½ கிராம்
வெண்ணெய் – 1 கிராமுக்கும் குறைவு
சர்க்கரை – இல்லை

மொத்தம் ஏறத்தாழ 38 கிராம். கலவையின் எடை 850 கிராம். சுடும்போது நீர் ஆவியாகி 770 கிராம் அளவில் நிற்கும் எனக் கொள்வோம். பத்துத் துண்டுகளாக வெட்டினால் ஒரு துண்டில் 4 கிராம் புரதம்கூட இராது. ஆனால் கலோரியோ மொத்தம் ஏறத்தாழ 2,450. ஒரு துண்டுக்கு 245. ஒரு கிராம் புரதம் 4 கலோரி தரும் என்பதால், இந்த ரொட்டி தரும் ஆற்றலில் புரதத்தின் பங்கு 6 விழுக்காடே. மீதமெல்லாம் வெண்ணெயும் சர்க்கரையும் மாவும் தருவதாகும்.

அளவும் தரமும்

புரதத்தை அளவால் மட்டும் எடைபோடக் கூடாது. புரதம் அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. அவற்றுள் ஒன்பதை மனித உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது. உணவின் வழியே பெற்றாக வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றை உடல் முழுமையாகப் பயன்படுத்த முடியாது. ஒரு பலகை குட்டையான பீப்பாயில் அந்தப் பலகையின் உயரம் வரைதான் தண்ணீர் நிற்கும் அல்லவா? அதுபோல் என்க.

கோதுமையில் குட்டையான பலகை லைசின். உலக நலவாழ்வு நிறுவனம் பிற பன்னாட்டு அமைப்புகளுடன் சேர்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வயது வந்தோர் உண்ணும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் 45 மில்லிகிராம் லைசின் இருத்தல் வேண்டும். கோதுமைப் புரதத்தில் இருப்பது அதில் ஏறத்தாழ 60 விழுக்காடே. கொண்டைக்கடலை, பால், முட்டை ஆகியவற்றின் புரதத்திலோ தேவைக்கும் மிகுதியாக லைசின் உண்டு. மறுபுறம், பருப்பு வகைகளில் குறைவாக உள்ள மெதியோனின் தானியத்தில் போதிய அளவு இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லியிலும், அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கலிலும், பல பருப்புகள் கலந்த அடையிலும் நம் முன்னோர் கண்ட பொருத்தம் இதுவே.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. வேர்க்கடலை பருப்பினத்தைச் சேர்ந்தது என்றாலும் அதன் புரதத்தில் லைசின் குறைவு. ஆதலால் கோதுமையோடு வேர்க்கடலையை மட்டும் சேர்த்தால் புரதத்தின் அளவு உயருமே தவிர, லைசின் குறை தீராது. கடலை மாவோ பாலோ உடனிருக்க வேண்டும்.

கார்னெல் ரொட்டியும் மைசூர் மாவும்

ரொட்டியில் புரதத்தைக் கூட்டும் முயற்சி புதிதன்று. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிளைவ் மெக்கே, நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் இருந்தோரின் உணவைச் செம்மைப்படுத்தும் பொருட்டு 1940-களில் ஒரு முறையை உருவாக்கினார். மாவு அளக்கும் கோப்பையின் அடியில் ஒரு மேசைக்கரண்டி சோயா மாவு, ஒரு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பொடி, ஒரு தேக்கரண்டி கோதுமை முளை ஆகியவற்றை இட்டு, மீதத்தைக் கோதுமை மாவால் நிரப்ப வேண்டும். அவ்வளவே அவர் சொன்ன முறை. இதனைக் 'கார்னெல் ரொட்டி' என்பர். எளிய மக்களுக்கும் நினைவில் நிற்கும் முறை என்பதே அதன் சிறப்பு.

நம் நாட்டில் 1950-இல் தொடங்கப்பட்ட மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், வி. சுப்பிரமணியன் அவர்களின் தலைமையில் 'பல்நோக்கு உணவு' என்னும் மாவை உருவாக்கியது. எண்ணெய் எடுத்த வேர்க்கடலை மாவு 75 பங்கு, கடலை மாவு 25 பங்கு, அவற்றுடன் வைட்டமின்களும் தாது உப்புகளும் சேர்ந்தது அது. செக்கிலும் ஆலையிலும் எஞ்சி நிற்கும் பிண்ணாக்கின் இனத்தை, தூய முறையில் ஆக்கி மனித உணவாக மாற்றிய அரிய முயற்சி எனலாம்.

இவ்விரண்டு முறைகளும் நமக்கு வழி காட்டுகின்றன. அத்துடன், விரைவு ரொட்டி என்பதன் முக்கியத்துவமும் இங்கு விளங்கும். ஈஸ்ட் ரொட்டி எழும்பி நிற்பதற்குக் கோதுமையின் குளூட்டன் வலைப்பின்னல் வலுவாக இருக்க வேண்டும். கடலை மாவைக் கூட்டினால் அந்த வலை அறுபடும், ரொட்டி கல்லாகிவிடும். வாழைப்பழ ரொட்டிக்கோ வலிய குளூட்டன் தேவையில்லை. சோடாவின் வாயு விரைவில் வருகிறது. முட்டையின் புரதம் சூட்டில் உறைந்து அவ்வாயுவை உள்ளேயே நிறுத்துகிறது. எனவே பருப்பு மாவைத் தாராளமாகக் கலக்க இந்த ரொட்டி இடம் தருகிறது.

வீட்டில் செய்யும் முறை

தேவையானவையும், ஒவ்வொன்றும் தரும் புரதமும்:

கோதுமை மாவு 100 கிராம் – 10½ கிராம்
கடலை மாவு 50 கிராம் – 11 கிராம்
வறுத்துத் தோல் நீக்கிப் பொடித்த வேர்க்கடலை 50 கிராம் – 12 கிராம்
கொழுப்பு நீக்கிய பால்பொடி 30 கிராம் – 10½ கிராம்
முட்டை 2 – 13 கிராம்
கனிந்த பழம், தோல் நீக்கி 250 கிராம் – 3 கிராம்
தயிர் 50 கிராம் – 1½ கிராம்
நாட்டுச் சர்க்கரை 60 கிராம் – இல்லை
எண்ணெய் 30 கிராம் – இல்லை

இவற்றுடன் சோடா உப்பு அரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய் இரண்டு.

முதலில் கடலை மாவை வெறும் வாணலியில் பச்சை வாடை போகும்வரை இளஞ்சூட்டில் வறுத்து ஆறவிடவும். வாடைக்காக மட்டும் அன்று. பருப்பு வகைகளில் டிரிப்சின் நொதியைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. அவை சூட்டில் செயலிழந்தால்தான் புரதம் நன்கு செரிக்கும். மாவு வகைகளையும் சோடாவையும் பேக்கிங் பவுடரையும் ஒன்றாகச் சலித்துக்கொள்ளவும். வேறொரு பாத்திரத்தில் பழத்தைக் கையால் மசித்து, முட்டை, தயிர், சர்க்கரை, எண்ணெய் சேர்த்து நன்கு அடிக்கவும். பிறகு மாவை அதில் கொட்டி, உலர்ந்த மாவு மறையும்வரை மட்டும் கிளறவும். மிகுதியாகக் கிளறினால் குளூட்டன் இறுகி ரொட்டி சவ்வுபோல் ஆகிவிடும். கலந்தவுடன் அடுப்பில் ஏற்ற வேண்டும். காத்திருந்தால் வாயு வெளியேறிவிடும்.

மின் அடுப்பு இருப்பவர்கள் 170 பாகை செல்சியசில் 50 நிமிடம் சுடலாம். நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அஃது இராது. அடி கனத்த பழைய இரும்புச் சட்டியில் இரண்டு விரற்கடை உயரம் ஆற்று மணலைப் பரப்பி, நடுவில் ஒரு பிரிமணையோ கம்பி வளையமோ வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்கவும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை முக்கால் பங்குக்கு மேற்படாமல் ஊற்றி, வளையத்தின் மேல் வைத்து மூடி, சிறு தீயில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விடவும். மணல் வெப்பத்தைப் பிடித்து வைத்துச் சீராகப் பரப்பும். பிரஷர் குக்கரைத் தண்ணீரின்றி நெடுநேரம் சூடேற்றினால் பாத்திரம் கெடும்; ஆகவே அதைத் தவிர்க்கலாம். இட்லிக்குப் பார்ப்பதுபோல் குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம். நன்கு ஆறிய பின்பே வெட்ட வேண்டும்.

மேற்புறம் கறுக்கும் அளவுக்குச் சுடுவது நன்றன்று. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மையார் கண்டறிந்த வினையின்படி, சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் கூடிப் பொன்னிறத்தையும் மணத்தையும் தருகின்றன. இந்த வினையில் முதலில் சிக்குவது லைசினே. நாம் பால்பொடியாகவும் கடலை மாவாகவும் தேடிச் சேர்த்த லைசின், கருகிய மேலோட்டில் உடலுக்குப் பயன்படாமல் போய்விடும். பொன்னிறம் வந்ததும் நிறுத்துவதே முறை.

இந்த ரொட்டியின் மொத்தப் புரதம் 61½ கிராம். கலவை 720 கிராம். சுட்ட பின் 650 கிராம் அளவில் இருக்கும். பத்துத் துண்டுகளாக்கினால் ஒரு துண்டில் 6 கிராம், அஃதாவது ஒரு முட்டையில் உள்ள அளவு. கலோரி மொத்தம் ஏறத்தாழ 1,800, துண்டுக்கு 180. ஆற்றலில் புரதத்தின் பங்கு 6 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14 விழுக்காடாக உயர்ந்துவிட்டது.

'உயர் புரதம்' எனும் பெயர்

அப்படியாயின் இதனை 'உயர் புரத ரொட்டி' எனலாமா? ஐரோப்பிய ஒன்றியம் 2006-ஆம் ஆண்டு வகுத்த விதியின்படி, ஓர் உணவின் ஆற்றலில் 12 விழுக்காடாவது புரதத்திலிருந்து வந்தால் அதனைப் 'புரதம் தரும் உணவு' எனலாம். 'உயர் புரதம்' எனச் சொல்ல 20 விழுக்காடு வேண்டும். நம் ரொட்டி முதற்கோட்டைத் தாண்டிவிட்டது, இரண்டாவதைத் தாண்டவில்லை.

எடையை விட்டு ஆற்றலை ஏன் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். இதே ரொட்டியை உலர்த்தி ரஸ்க் ஆக்கினால் 100 கிராமுக்குரிய புரதம் கூடிவிடும். ஆனால் ஒரு துளி புரதமும் புதிதாக வரவில்லை. தண்ணீர் போயிற்று, அவ்வளவே. ஆற்றலைக் கொண்டு கணக்கிட்டால் இந்த மாயம் பலிக்காது.

20 விழுக்காட்டையும் எட்ட வழி உண்டு. வேர்க்கடலையில் பாதிக்கு நெருங்கிய பங்கு எண்ணெய். அதற்குப் பதிலாகக் கடைகளில் மீல் மேக்கர் எனக் கிடைக்கும் எண்ணெய் நீக்கிய சோயாவை 50 கிராம் மிக்சியில் பொடித்துச் சேர்த்தால் 25 கிராம் புரதம் கிடைக்கும். எண்ணெயை 15 கிராமாகவும் சர்க்கரையை 30 கிராமாகவும் குறைத்தால், மொத்தப் புரதம் 74½ கிராம், மொத்தக் கலோரி ஏறத்தாழ 1,440. பங்கு 20 விழுக்காட்டைச் சற்றே தாண்டும். சோயா நீரை உறிஞ்சுவதால் கால் டம்ளர் தண்ணீர் கூடுதலாக விட வேண்டும். சுவை முதல் ரொட்டியின் அளவுக்கு இராது. சற்று வறட்சியாகவும் சோயா வாடையுடனும் இருக்கும். பெயரை வாங்குவதற்குக் கொடுக்கும் விலை இது.

மேற்கண்டவை யாவும் உணவு அட்டவணைகளைக் கொண்டு போட்ட கணக்கு. ஆய்வுக்கூடத்தில் அளக்க வேண்டுமானால் டென்மார்க் அறிஞர் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. உணவைச் செறிந்த கந்தக அமிலத்தில் கொதிக்க வைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியம் சல்பேட்டாக்கி, காரம் சேர்த்து அம்மோனியாவை வடித்தெடுத்து, தரம்பார்த்தலின் மூலம் அளந்து, 6.25-ஆல் பெருக்கினால் புரத அளவு கிடைக்கும். ஆனால் இம்முறை அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அன்று. 2008-ஆம் ஆண்டு சீனாவில் இந்த ஓட்டையைப் பயன்படுத்திப் பாலில் மெலமைன் கலந்தனர். மெலமைனின் எடையில் மூன்றில் இரு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் கலந்தால் கெல்டால் முறையில் 4 கிராமுக்கு மேல் புரதம் எனக் காட்டும். ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். ஆறு குழந்தைகள் இறந்தனர். டப்பாவின் மேலுள்ள எண்ணை மட்டும் நம்புவோர் இதனை மறக்கலாகாது. நம் கையால் அளந்து கலந்த ரொட்டியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

யாருக்கு எது வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வயது வந்தவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 46 கிராம். நம் முதல் ரொட்டியில் இரண்டு துண்டுகள் 12 கிராம் தரும். அஃது ஆணின் தேவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். பெண்ணின் தேவையில் கால் பங்குக்கு மேல்.

இந்த நிறுவனத்தின் வரலாற்றில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று உண்டு. அது 1918-இல் நம் நீலகிரியிலுள்ள குன்னூரில் சிறிய ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறியது. அதன் இயக்குநராக விளங்கிய சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர். 1950-களிலும் 60-களிலும் உலக அமைப்புகள் பல, ஏழை நாடுகளின் பெருங்குறை புரதமே எனக் கருதின. ஏழைக் குழந்தைகளின் உணவை ஆராய்ந்த கோபாலன், முதற்குறை கலோரியில் இருப்பதைக் காட்டினார். வயிறு நிறையத் தானியமும் பருப்பும் உண்டால் புரதக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்பது அவர் கருத்து. புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மேயும் இதையே வற்புறுத்தினார். 1974-இல் டொனால்ட் மெக்லாரன் 'லான்செட்' மருத்துவ இதழில், புரத முழக்கமே ஒரு பெருந்தோல்வி என எழுதினார்.

இதன் அடிப்படை எளிது. உடலுக்கு முதல் தேவை எரிபொருள். அது போதாவிடில் உண்ட புரதத்தையும் உடல் எரித்துவிடும். வீடு கட்டக் கொண்டு வந்த தேக்கு மரத்தை அடுப்பெரிக்க விறகாக்குவது போன்றது அது.

இந்தக் கண்கொண்டு பார்த்தால் நம் இரு ரொட்டிகளின் மதிப்பும் மாறுகிறது. என் தந்தையார் மண்டியில் வாழைத்தார் சுமப்பவர். தாரினின்று உதிர்ந்து விலைபோகாத பழம் எங்கள் வீட்டுக்கு வருவது அவ்வழியேதான். நாள் முழுதும் சுமை தூக்கும் அவருக்கு எண்ணெயும் சர்க்கரையும் குறைத்த 'உயர் புரத' ரொட்டியைக் கொடுத்தால், அது பெயரில் உயர்ந்தும் பயனில் தாழ்ந்தும் நிற்கும். அவருக்கு ஏற்றது வேர்க்கடலை சேர்த்த முதல் ரொட்டியே. உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும், எடையைக் குறைக்க விரும்புபவருக்கும், பசி குறைந்து உணவின் அளவும் குறைந்துவிட்ட முதியவருக்கும் இரண்டாவது ரொட்டி பொருந்தும். சிறுநீரக நோயுள்ளவர் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். 'உயர்' என்னும் அடைமொழி ரொட்டிக்கு மட்டும் உரியதன்று. உண்பவரின் உழைப்பையும் வயதையும் பார்த்த பின்பே அதற்குப் பொருள் உண்டாகிறது.

மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு அவித்த முட்டையில் இதே 12 கிராம் புரதம் இருக்கிறது. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊற வைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராமுக்கு நெருக்கமாகக் கிடைக்கும். புரதம் ஒன்றே நோக்கமானால் மணலும் சட்டியும் தேவையில்லை. எறியப்படும் பழம் உணவாவதும், முட்டை வாடையைப் பொறுக்காத சிறுவர்கூட விரும்பி உண்பதும், இரண்டு நாள் கெடாமல் இருந்து பயணத்துக்கும் விடுதிக்கும் துணையாவதும் இந்த ரொட்டியின் தனிச்சிறப்புகள்.

முடிவுரை

வழக்கமான வாழைப்பழ ரொட்டியில் ஆற்றலில் 6 விழுக்காடாக இருந்த புரதத்தின் பங்கை, மளிகைக் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே 14 விழுக்காட்டுக்கும், வேண்டின் 20 விழுக்காட்டுக்கும் உயர்த்தலாம் எனக் கண்டோம். கோதுமையின் லைசின் குறையைக் கடலை மாவும் பாலும் முட்டையும் ஈடுசெய்வதையும், மிகுந்த சூடு அந்த லைசினையே வீணாக்குவதையும் அறிந்தோம். விலை உயர்ந்த டப்பாக்களை நாடுமுன் நாம் ஒவ்வொருவரும் ஒரு நாள் உண்ணும் சோறு, பருப்பு, பால், முட்டை, சுண்டல் ஆகியவற்றின் புரதத்தைத் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தல் நலம். தேவைக்கும் உணவுக்கும் இடையே எத்தனை கிராம் பள்ளம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதை எதனால் நிரப்புவது என முடிவு செய்யலாம்.

கணக்கில் வந்த எண்ணைக் கருவியில் சரிபார்ப்பதே வேதியியல் மாணவர்க்கு அழகு. ஆகவே வரும் ஆண்டில், இரு ரொட்டிகளையும் சுட்டு வந்து, நம் துறை ஆய்வுக்கூடத்தில் கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து பார்க்கப் பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டுகிறேன். மாதிரிக்குப் போக எஞ்சிய ரொட்டியை என்ன செய்வது என்பது பற்றி நம் வகுப்பில் கருத்து வேறுபாடு இராது.